பழைய சிப்பாயின் வைத்தியசாலைக்குத் தலைவர் யார்?

ஜவ்வாது மலைமேல் நோயுற்றவர் வைத்தியரைக் காண்பதற்கு முன் மலையைக் கடக்க வேண்டியிருக்கிறது. திருவண்ணாமலை, திருப்பத்தூர், வேலூர் ஆகிய மூன்று ஜில்லாக்களில் பரவிக் கிடக்கும் இம்மலைத் தொடரில் ஜமுனாமரத்தூர், புதூர்நாடு போன்ற சில ஊர்களுக்குப் பாதை உண்டு. சர்க்கார் சுகாதார நிலையமும் உண்டு. சரிவுகளில் சிதறிக் கிடக்கும் சிற்றூர்களின் நிலைமையோ வேறு. 2023-ஆம் வருஷம் மே மாதத்தில் அல்லேரி மலையில் பாம்பு தீண்டிய ஒன்றரை வயதுக் குழந்தை உரிய காலத்தில் ஆஸ்பத்திரி சேர முடியாமல் இறந்ததும், சாலை இல்லாமையால் பெற்ற தாயே அவ்வுடலைக் கைகளில் ஏந்தி மலையேற நேர்ந்ததும் நேயர்கள் அறிந்த செய்தி. அத்துயரத்தை இங்கு நினைவூட்டுவதற்குக் காரணம் உண்டு. மலைநாட்டில் ஆஸ்பத்திரி எங்கே இருக்கிறது என்று கேட்டால் மட்டும் போதாது. அதை நடத்துகிறவர் யார், எந்த நோயாளியை மனத்தில் கொண்டு நடத்துகிறார் என்றும் கேட்டாக வேண்டும்.

இக்கேள்வியை இன்று நாம் முன்னாள் படைவீரர்களின் பொருட்டு எழுப்புகிறோம்.

பழைய வட ஆற்காடு ஜில்லா, பட்டாளத்துக்கு ஆள் கொடுத்துப் பழகிய ஜில்லா. வேலூருக்குத் தெற்கே கணியம்பாடி ஒன்றியத்திலுள்ள கம்மவான்பேட்டையை 'ராணுவப்பேட்டை' என்றே ஜனங்கள் அழைக்கின்றனர். வீட்டுக்கு ஒருவராவது படையில் சேர்ந்த ஊர் என்று அதற்குப் பெயர். அங்கிருந்து பார்த்தால் ஜவ்வாதின் வட சரிவு தெரியும். இத்தகைய அடிவார ஊர்களிலும் மலைமேலும் ஓய்வு பெற்று வந்து குடியிருப்பவர்களின் வாழ்க்கையில் ஒரு விசேஷம் இருக்கிறது. சிவில் உத்தியோகஸ்தர் அறுபதை ஒட்டி ஓய்வு பெறுகிறார். சிப்பாயோ பெரும்பாலும் நாற்பதை ஒட்டியே வீட்டுக்கு அனுப்பப்படுகிறார். அதன்பின் அவர் இன்னும் முப்பது நாற்பது ஆண்டுகள் வாழ வேண்டும். பனியிலும் மணலிலும் தேய்ந்த மூட்டும், பீரங்கி முழக்கத்தில் மங்கிய செவியும், அடக்கி வைத்த மனக் கலக்கமும் அந்த ஆண்டுகளில்தான் வெளிப்படுகின்றன. சேவையில் இருந்தபோது அவருக்குக் கிடைத்த வைத்தியத்தைவிட, சேவை முடிந்தபின் அவருக்கு வேண்டியிருக்கும் வைத்தியம் பெரிது.

இதனை உணர்ந்தே இந்திய சர்க்கார் 2003-ஆம் வருஷம் ஏப்ரல் மாதம் 1-ந் தேதி முன்னாள் படைவீரர் பங்களிப்பு மருத்துவத் திட்டத்தை ஆரம்பித்தது. இ.சி.எச்.எஸ். என்று எல்லோரும் கூறுவது இதைத்தான். தேசமெங்கும் 400-க்கு மேற்பட்ட பாலிகிளினிக்குகளும், 60 இலட்சத்துக்கு மேற்பட்ட பயனாளிகளும் கொண்டது இத்திட்டம். வேலூரில் ஒரு பாலிகிளினிக் நடக்கிறது. ஓய்வு பெறும் வீரர் தம் பதவிக்கேற்ற சந்தாவைச் செலுத்தியே இதில் சேருகிறார். 1996-க்கு முன் ஓய்வு பெற்றவர்களுக்கும் போரில் கணவரை இழந்த பெண்களுக்கும் சந்தா விலக்கு உண்டு. ஆகவே இதைச் சர்க்காரின் தர்மம் என்று எவரும் பேச வேண்டியதில்லை. பணம் கொடுத்தும் இரத்தம் கொடுத்தும் வாங்கிய உரிமை இது.

திட்டம் நல்ல திட்டமே. அதனால் உயிர் பிழைத்தவர்கள் ஆயிரக்கணக்கில் உள்ளனர். நம் ஆட்சேபம் திட்டத்தின் நோக்கத்தைப் பற்றியதன்று. அதன் தலைமைப் பீடத்தைப் பற்றியது.

பாலிகிளினிக் ஒன்றின் தலைமையில் இருப்பவர் 'பொறுப்பதிகாரி'. அவர் வைத்தியராக இருக்கலாம். இருக்க வேண்டும் என்ற கட்டாயம் இல்லை. பட்டம் பெற்றவராயும், வைத்திய ஸ்தாபனத்திலோ நிர்வாகப் பதவியிலோ ஐந்து வருஷ அநுபவம் உடையவராயும் இருந்தால் போதும் என்பது விதி. நடைமுறையில் அப்பதவியில் அமர்பவர் பெரும்பாலும் ஓய்வு பெற்ற படை அதிகாரி. அவருக்கு மேலே ஸ்டேஷன் கமாண்டர், பிராந்திய நிலையம், டில்லியில் மத்திய ஸ்தாபனம் என்று ஏணி ஏறிச் செல்கிறது. வைத்திய விஷயங்களுக்கு ஆலோசகராக, சார்ந்த ராணுவ ஆஸ்பத்திரியின் தலைமை வைத்திய அதிகாரி தொலைவிலிருந்து பார்த்துக் கொள்கிறார். பாலிகிளினிக்கில் நோயாளியின் நாடியைத் தொட்டுப் பார்க்கும் வைத்தியரோ, ஆண்டுக்கு ஆண்டு புதுப்பிக்கப்படும் ஒப்பந்தத்தில் வேலை செய்கிறவர்.

இதன் விளைவை எண்ணிப் பார்க்க வேண்டும். ஒரு வைத்தியர் நோயாளி ஒருவரை இருதய சிகிச்சைக்காக வெளி ஆஸ்பத்திரிக்கு அனுப்ப வேண்டும் என்று எழுதுகிறார் என்று வைத்துக்கொள்வோம். மறு வாரம் இன்னும் இருவர். அடுத்த வாரம் நால்வர். 'இம்மாதம் அனுப்புதல் ஏன் இத்தனை?' என்று மேலிருந்து ஒரு வினா வருகிறது. வினா நியாயமானதாகவே இருக்கலாம். பொதுப் பணம் கணக்குக் கேட்கப்பட வேண்டியதே. ஆனால் அதற்கு விடை கூற வேண்டிய வைத்தியரின் ஒப்பந்தம் மூன்று மாதத்தில் முடிகிறது. அவர் பேனா ஐந்தாவது நோயாளியிடம் சற்றுத் தயங்காதா? தயங்காத வைத்தியர்களும் இருக்கிறார்கள்; அவர்களை நாம் போற்றுகிறோம். ஒரு ஸ்தாபனத்தை அமைக்கிறவர் மட்டும் அதன் சிப்பந்திகள் அனைவரும் வீரர்களாயிருப்பார்கள் என்று நம்பிக்கொண்டு அமைக்கலாகாது.

இவ்விடத்தில் சரித்திரம் செய்துள்ள விந்தை ஒன்றைச் சொல்லாமல் மேற்செல்ல மனம் வரவில்லை. சென்னை அரசாங்கப் பொது ஆஸ்பத்திரி 1664-ஆம் வருஷம் எதற்காகத் தோன்றிற்று? கோட்டையிலிருந்த கிழக்கிந்தியக் கம்பெனியின் நோயுற்ற சோல்ஜர்களுக்காக. பின்னர் வெள்ளையராட்சியில் ஐ.எம்.எஸ். என்ற இந்திய மெடிகல் சர்வீஸ், ராணுவ சேவையாகவே இருந்துகொண்டு ஜில்லா ஆஸ்பத்திரிகளையும் மெடிகல் காலேஜுகளையும் சிறைச்சாலைகளையும்கூட ஆண்டது. யுத்தம் வந்தால் வேண்டும் என்று பெரிய சிவில் பதவிகள் அவர்களுக்கு ஒதுக்கி வைக்கப்பட்டன. 1855-இல் சூர்யகுமார் குட்ஈவ் சக்கரவர்த்தி பரீக்ஷையில் தேறி அந்த சர்வீஸில் நுழைந்த முதல் இந்தியரானார். ஆயினும் அதன் உயர் பதவிகள் நம்மவர்க்கு எட்டப் பல தலைமுறைகள் ஆயின. சென்னை மெடிகல் காலேஜுக்கு முதல் இந்தியப் பிரின்ஸிபாலாக டாக்டர் ஆ. லக்ஷ்மணசாமி முதலியார் வந்தது 1939-இல்தான். அக்காலத்து தேசியவாதிகள் ஐ.எம்.எஸ்.ஸின் ஏகபோகத்தை எதிர்த்துப் போராடியது நியாயமே. ஆயினும் ஒன்றை ஒப்புக்கொள்ள வேண்டும். பட்டாளத்து உடுப்பு அணிந்தவரே குடிமக்களின் ஆஸ்பத்திரிகளை ஆண்டார் என்றாலும், அவர் வைத்தியர். அந்நிய ஆட்சிகூட நோயாளிகளின் கட்டிலுக்கு மேலே வைத்தியரல்லாத ஒருவரை உட்கார்த்தவில்லை. சுதந்திர இந்தியாவில், தன் சொந்தச் சிப்பாய்களின் வைத்திய நிலையத்தில் மட்டும் அது விதிப்படியே செல்லுபடியாகிறது!

இன்றும் ராணுவத்துக்குள் பார்த்தால் அந்நிலை இல்லை. ராணுவ ஆஸ்பத்திரியின் கமாண்டன்ட் வைத்தியரே. வெல்லிங்டனாயினும் சென்னையாயினும் இதுவே முறை. முப்படைகளின் வைத்திய சேவைகளுக்கு டைரக்டர் ஜெனரலாக இருப்பவரும் வைத்தியரே. 2024-ஆம் வருஷம் அக்டோபர் 1-ந் தேதி அப்பதவியை ஏற்ற முதல் பெண்மணி ஆர்த்தி ஸரின் ஒரு புற்றுநோய்க் கதிரியக்க நிபுணர். தமிழ்நாட்டு சர்க்காரின் சொந்த ஏற்பாட்டிலும் மெடிகல் காலேஜ் ஆஸ்பத்திரிக்கு டீன், வட்டாரத்துக்கு வட்டார மருத்துவ அலுவலர் என்று வைத்தியரே தலைவர். ஆகவே சேவையில் உள்ள சிப்பாய்க்கு வைத்தியர் தலைமை. சாதாரணக் குடிமகனுக்கும் வைத்தியர் தலைமை. இரண்டுக்கும் நடுவில் நிற்கும் பழைய சிப்பாய்க்கு மட்டும் இருந்தாலும் இருக்கலாம், இல்லாவிட்டாலும் இல்லை. இந்த விலக்குக்கு நியாயம் என்ன?

நியாயங்கள் கூறப்படுகின்றன. அவற்றுள் ஒன்று, வைத்தியர் கிடைப்பதே அரிதாயிருக்க, கிடைத்த வைத்தியரையும் கோப்புகளுக்கு நடுவில் உட்கார்த்துவது வீண் என்பது. இதில் உண்மை உண்டு. மருந்துக் கொள்முதல், கணக்கு, கட்டிடம், வாகனம் இவற்றை நடத்த வைத்தியப் பட்டம் வேண்டியதில்லை. தமிழ்நாடு மருத்துவ சேவைக் கழகம் 1994-இல் ஏற்பட்டு, சிவில் அதிகாரிகளின் தலைமையிலேயே மருந்து வாங்குவதிலும் கொடுப்பதிலும் பிற மாகாணங்கள் பார்த்துப் படிக்கும் முறையை உண்டாக்கியது. அதை நாம் மனமாரப் பாராட்டுகிறோம். ஆனால் அக்கழகம் எந்த நோயாளிக்கு எந்த மருந்து என்று தீர்மானிப்பதில்லை. கிடங்கை நடத்துவது வேறு, கட்டிலை நடத்துவது வேறு. பாலிகிளினிக்கில் இரண்டும் ஒரே கூரையின் கீழ் இருப்பதால் கிடங்கின் அதிகாரி கட்டிலுக்கும் அதிகாரியாகிவிடுகிறார். வைத்தியருக்குக் கீழே ஒரு நல்ல மானேஜரை நியமித்தால் கோப்பும் நடக்கும், வைத்தியமும் நடக்கும்.

மற்றொரு நியாயம், பழைய சிப்பாய்களின் மனம் படை அதிகாரிக்குத் தெரியும், ஒழுங்கு குலையாது என்பது. ஓய்வு பெற்ற அதிகாரிகள் பலர் இப்பதவியில் மிகுந்த அன்போடு உழைக்கின்றனர் என்பதை நாம் மறுக்கவில்லை. ஆயினும் கர்னலுக்கு முன் பழைய நாயக் இன்றும் விறைத்துத்தான் நிற்பார். வைத்தியருக்கு முன்தான் சட்டையைக் கழற்றுவார். இரவில் தூக்கமில்லை, காரணமின்றிக் கோபம் வருகிறது, குடி மிஞ்சிவிட்டது என்பனவற்றை மேலதிகாரியிடம் சொல்லும் பழக்கம் பட்டாளத்தில் இல்லை.

நிற்க, வைத்தியர் தலைவராகிவிட்டால் எல்லாம் நேராகிவிடும் என்று நாம் சொல்ல வரவில்லை. இவ்விஷயத்தில் உலகத்திலேயே அதிக அநுபவம் பெற்ற தேசம் அமெரிக்கா. இரண்டாம் உலக யுத்தம் முடிந்து இலட்சக்கணக்கான வீரர்கள் வீடு திரும்பியபோது, அங்கிருந்த முன்னாள் படைவீரர் ஆஸ்பத்திரிகள் சிவப்பு நாடாவில் கட்டுண்டு கிடந்தன. ஜெனரல் ஓமர் பிராட்லி அவ்விலாகாவின் தலைவராக வந்து, பால் ஹாலி என்ற ராணுவ வைத்தியரைத் தலைமை வைத்திய டைரக்டராக அழைத்துக்கொண்டார். 1946 ஜனவரி 3-ந் தேதி பிரஸிடெண்ட் ட்ரூமன் கையெழுத்திட்ட சட்டத்தால் வைத்தியத்துக்கென ஒரு தனிப் பகுதியே அமைந்தது. மெடிகல் காலேஜுகளோடு ஆஸ்பத்திரிகள் இணைக்கப்பட்டன. யுத்தகளத்துத் தளபதியான பிராட்லி, வைத்தியத்தை வைத்தியரிடம் விட்டதே அவருடைய மேதை. ஹாலிக்குப் பின் வந்த டாக்டர் பால் மாக்னுஸன், ஆஸ்பத்திரிகளில் நிர்வாகிகளுக்கு மேலாக வைத்தியர்களின் அதிகாரம் நிலைக்க வேண்டும் என்று வாதாடி, 1951 ஜனவரியில் பதவியிலிருந்தே நீக்கப்பட்டார். ஆக, நாம் எழுப்பும் கேள்வி அங்கே எழுபது வருஷங்களுக்கு முன்பே ஒருவர் உத்தியோகத்தைக் காவு கொண்ட கேள்வி.

அதற்குப் பின் நடந்ததையும் பார்க்க வேண்டும். 1994 முதல் 1999 வரை கென்னத் கைஸர் என்ற வைத்தியர் அந்த ஸ்தாபனத்தைத் தலைமை தாங்கி நடத்தியபோது, பெரிய ஆஸ்பத்திரிகளின் கட்டில்களைக் குறைத்து, வீரர்கள் வசிக்கும் ஊர்களுக்கு அருகே நூற்றுக்கணக்கான சிறு வைத்திய நிலையங்களைத் திறந்தார். மலைநாட்டாராகிய நமக்கு இதில் கவனிக்கத்தக்க விஷயம் உண்டு. ஆனால் 2014-இல் பீனிக்ஸ் நகரத்து ஆஸ்பத்திரியில் வெளிவந்த ஊழல் அதே ஸ்தாபனத்தில் நடந்ததுதான். நோயாளிகள் வைத்தியரைக் காணக் காத்திருக்கும் நாட்களைக் குறைத்துக் காட்டினால் அதிகாரிகளுக்கு வெகுமதி என்று ஏற்பாடு. விளைவு, கணக்கில் 24 நாள். தணிக்கையாளர் 226 பேரின் விவரங்களை எடுத்துப் பார்த்தால் சராசரி 115 நாள். சுமார் 1,700 வீரர்கள் எந்தப் பட்டியலிலும் சேர்க்கப்படாமலே விடப்பட்டிருந்தனர். மந்திரி ஜெனரல் ஷின்செகி மே 30-ந் தேதி ராஜினாமா செய்தார். அதற்கு இரண்டு வாரம் முன்பே விலகிய வைத்தியத் துணைமந்திரி ராபர்ட் பெட்ஸல் ஒரு வைத்தியர்! ஆஸ்பத்திரியின் டைரக்டர் வைத்தியரல்லர். வைத்தியரும் தவறலாம், நிர்வாகியும் தவறலாம் என்பது இதனால் விளங்கும். ஆனால் அந்த ஊழலை வெளியிட்டவர் யார்? அதே ஆஸ்பத்திரியில் வேலை பார்த்த ஸாம் ஃபூட் என்ற வைத்தியர். 2013 டிஸம்பரில் ஓய்வு பெற்ற பிறகுதான் அவர் பகிரங்கமாகப் பேசினார். பதவியின் பயம் நீங்கிய பின்பே உண்மை வாய் திறந்தது. ஒப்பந்தத்துக்கு ஒப்பந்தம் தொங்கிக்கொண்டிருக்கும் நம் பாலிகிளினிக் வைத்தியரிடம் எதை எதிர்பார்ப்பது என்பதை நேயர்களே ஊகித்துக்கொள்ளலாம்.

ஆகையால் நாம் கேட்பது வைத்தியருக்கு நாற்காலி மட்டுமன்று. நாற்காலியோடு நிலையான பதவிக்காலமும், வைத்திய விஷயத்தில் முடிவான அதிகாரமும், அவ்வதிகாரத்துக்குக் காரணம் எழுதி வைக்கும் கடமையும் சேர்ந்து வரவேண்டும். கடைசியாகச் சொன்னது வைத்தியருக்கு எதிரான காவல். 2013 ஜூலை 2-ந் தேதி தரம்வீர் சிங் வழக்கில் சுப்ரீம் கோர்ட்டு கூறிய தீர்ப்பு இதற்கு வழிகாட்டுகிறது. சுமார் ஒன்பது வருஷம் சேவை செய்து வலிப்பு நோயால் வெளியேற்றப்பட்ட ஒரு சிப்பாய்க்கு, அந்நோய் சேவையால் வந்ததன்று என்று ராணுவ வைத்தியர் குழு காரணம் கூறாமலே எழுதியதால் அங்கவீன பென்ஷன் மறுக்கப்பட்டது. சேரும்போது உடலில் குறை இருந்ததாக எழுதப்படாவிட்டால், பின்னர் வந்த நோய் சேவையால் வந்ததென்றே அநுமானிக்க வேண்டும். மாறாகக் கூறும் வைத்தியர் காரணம் காட்ட வேண்டும் என்று கோர்ட்டு தீர்த்தது. வைத்தியரின் ஒரு வரி, ஒரு குடும்பத்தின் சோற்றைத் தீர்மானிக்கிறது. அந்த வரியை எழுதுகிறவர் சுதந்திரராகவும் இருக்க வேண்டும், பதில் சொல்லக் கடமைப்பட்டவராகவும் இருக்க வேண்டும்.

இனி ஜவ்வாது மலைக்கு வருவோம். பாலிகிளினிக் முறை சமவெளி நகரத்துக்காக வகுக்கப்பட்டது. முதலில் பாலிகிளினிக்குக்கு வா, அங்கே சீட்டு எழுதி வாங்கு, பிறகு அங்கீகாரம் பெற்ற ஆஸ்பத்திரிக்குப் போ என்பது அதன் பொது விதி. முதியவர்களுக்குச் சில சலுகைகள் உண்டு. அவசர நோயென்றால் எந்த ஆஸ்பத்திரியிலும் சேரலாம், அங்கீகாரமில்லாத இடமாயின் 48 மணி நேரத்துக்குள் பாலிகிளினிக்குக்குத் தகவல் தர வேண்டும். காட்பாடிக்காரருக்கு இதில் கஷ்டமில்லை. ஜமுனாமரத்தூருக்கு அப்பால் வசிக்கும் எழுபது வயதுக்காரர் சர்க்கரை மாத்திரைக்காக மலையிறங்கி, பஸ் மாறி, வரிசையில் நின்று, 'மருந்து இருப்பில் இல்லை, அடுத்த வாரம் வாருங்கள்' என்ற விடையோடு திரும்ப வேண்டியிருந்தால் அவர் அடுத்த வாரம் வரமாட்டார். சிறிது காலத்தில் மாத்திரையை நிறுத்துவார். அதன்பின் காலில் புண், அதன்பின் கால். பாலிகிளினிக்குகளில் மருந்துத் தட்டுப்பாடு இருப்பதைக் கணக்குத் தணிக்கைத் தலைவரின் 2015-ஆம் வருஷத்து அறிக்கையே எடுத்துக் காட்டியது. இது நாம் கற்பித்த குறையன்று.

இத்தகைய நோயாளிக்கு மூன்று மாத மருந்தை ஒருமிக்கக் கொடுக்கலாமா, மாதம் ஒரு நாள் வைத்தியர் மலையேறலாமா, மலைமேலுள்ள சர்க்கார் சுகாதார நிலையத்து வைத்தியரோடு பேசி அவரிடமே இரத்தப் பரிசோதனைக்கு ஏற்பாடு செய்யலாமா என்பவையெல்லாம் நிர்வாகப் பிரச்னைகள் போல் தோன்றும். உண்மையில் அவை வைத்திய முடிவுகள். எந்த நோயாளியை மூன்று மாதம் பாராமல் விடலாம், யாரை விடலாகாது என்பதை வைத்தியரே அறிவார். திட்டத்திலேயே நடமாடும் பாலிகிளினிக் என்று ஒரு வகை இருக்கிறது. ஜவ்வாதைவிட அதற்குத் தகுதியான இடம் தமிழ்நாட்டில் சிலவே இருக்கும். வண்டி புறப்பட வேண்டும் என்று உத்தரவிடுகிறவர் நோயாளிகளின் பட்டியலைத் தம் விரல்நுனியில் வைத்திருப்பவராக இருந்தால், மழைக்காலத்துக்கு முன்பே அது மலையேறும்.

ஜவ்வாது மலை திருவண்ணாமலை, வேலூர் லோக்சபைத் தொகுதிகளுக்குள் அடங்குகிறது. அவ்விரு தொகுதிகளின் அங்கத்தினர்களும் எக்கட்சியினராயினும் சரி, பாதுகாப்பு மந்திரியிடம் வரும் கூட்டத்தொடரில் சில கேள்விகளைக் கேட்பார்களாக. ஜவ்வாது மலையிலும் அதன் அடிவாரத்திலும் இத்திட்டத்தில் சேர்ந்துள்ள குடும்பங்கள் எத்தனை? அவற்றுள் சென்ற ஓராண்டில் ஒருமுறையேனும் வைத்தியரைக் கண்டவை எத்தனை? தமிழ்நாட்டுப் பாலிகிளினிக்குகளில் பொறுப்பதிகாரி வைத்தியராயுள்ளவை எவை? ஒப்பந்தம் புதுப்பிக்கப்படாத வைத்தியர்கள் எத்தனை பேர், எழுத்து மூலம் கூறப்பட்ட காரணங்கள் யாவை? நாளை காலை ஜமுனாமரத்தூருக்கு ஒரு வைத்தியரை அனுப்ப வேண்டுமானால், கையெழுத்திட அதிகாரம் பெற்றவர் யார்?